மீன் ஈரலைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது

எம்.எஸ்சி. விலங்கியலோ, பயோடெக்கோ, மீன்வளமோ, சுற்றுச்சூழல் அறிவியலோ முடித்துவிட்டு அடுத்து எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பவரா நீங்கள்? உங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஃபார்மா கம்பெனி, மெடிக்கல் கோடிங், கிளினிக்கல் டேட்டா என்று ஒரே வாசலில் வரிசை கட்டுவார்கள். கூட்டம் குறைவான இன்னொரு வாசல் இருக்கிறது. ஆற்று மீனின் உடம்பைப் பரிசோதித்து, அந்த ஆற்றில் கன உலோகம் கலந்திருக்கிறதா, அது உயிர்களை என்ன செய்கிறது என்று சொல்லும் வேலை.

ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் போன்றவை மீனின் உடம்புக்குள் போனதும் சில புரதங்கள் கூடும், சில என்சைம்கள் குறையும், செவுளின் இழைகள் சிதையும், ரத்த அணுக்களின் உட்கரு உடையும். அளந்து பார்க்கக்கூடிய இந்த மாற்றங்களைத்தான் பயோமார்க்கர் என்கிறோம். மீன் செத்து மிதப்பதற்கு வெகு நாள் முன்பே இவை மாறத் தொடங்கிவிடும். இந்தத் துறையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ‘மீன் பயோமார்க்கர் நிபுணர் தேவை’ என்று யாரும் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். இந்தியாவில் ஆற்றின் உயிரியல் தரத்தைப் பார்க்கும் வழக்கமான கண்காணிப்பு பெரும்பாலும் ஆற்றடியில் வாழும் சிறு பூச்சி, புழு, நத்தைகளை எண்ணுவதோடு நிற்கிறது. மீனின் என்சைமை அளக்க வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் வரவில்லை. ஆகவே இந்த ஸ்கில்லை வேறு பெயருள்ள வேலைகளுக்குள் கொண்டுபோய் விற்க வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

1. இரண்டு நிமிடத்தில் விளக்கப் பழகுங்கள்

எந்த இன்டர்வியூவிலும் முதல் கேள்வி இதுதான்: “தண்ணீரை நேரடியாகப் பரிசோதித்தாலே உலோகம் தெரிந்துவிடுமே, மீன் எதற்கு?” இங்கே திணறினால் மீதி இன்டர்வியூ வெறும் சம்பிரதாயம்.

இப்படிச் சொல்லுங்கள். தண்ணீர் சாம்பிள் அந்த நிமிடத்தின் நிலையை மட்டும் காட்டும். கழிவை ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்துவிட்டால், காலை பதினொரு மணிக்கு வந்து பாட்டிலை நிரப்புகிறவரிடம் அது சிக்காது. மீன் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. சர்க்கரை நோயாளிக்கு வெறும் வயிற்றில் எடுக்கும் டெஸ்ட்டுக்கும் மூன்று மாதச் சராசரி டெஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீரில் உள்ள உலோகம் முழுவதும் உயிருக்குள் போவதில்லை. தண்ணீரின் கடினத்தன்மை கூடினால் காட்மியம், தாமிரம், துத்தநாகம் ஆகியவற்றின் நச்சுத்தன்மை குறையும். காட்மியம் கால்சியம் நுழையும் அதே வழியாகச் செவுளுக்குள் போவதால் இரண்டுக்கும் போட்டி. ஒரே அளவு காட்மியம் ஓர் ஆற்றில் கொல்லும், இன்னோர் ஆற்றில் கொல்லாது. அந்த வித்தியாசத்தைக் கருவி சொல்லாது. மீன் சொல்லும்.

இந்தக் கடினத்தன்மை விஷயத்தைச் சேர்த்துச் சொல்கிறவரை எதிரில் இருப்பவர் உடனே நிமிர்ந்து பார்ப்பார். மனப்பாடம் செய்து வந்தவர்கள் அதைச் சொல்வதில்லை.

2. உலோகத்துக்கு ஏற்ற மார்க்கரைத் தேர்ந்தெடுங்கள்

ரெஸ்யூமேயில் ‘பன்னிரண்டு பயோமார்க்கர்கள் அளந்தேன்’ என்று போடுவதில் பெருமை எதுவும் இல்லை. எந்த ஆற்றில், எந்த உலோகத்துக்காக, ஏன் அந்த மார்க்கர் என்று சொல்ல முடிய வேண்டும். போட்டியில் உங்களை மேலே தூக்குவது இந்த ஒரு விஷயம்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மெட்டலோதயோனின் என்ற சிறிய புரதத்தை எல்லோரும் சொல்வார்கள். 1957-இல் குதிரையின் சிறுநீரகத்தில் காட்மியத்தைப் பிடித்து வைத்திருக்கும் புரதமாக மார்கோஷஸ், வல்லீ என்ற இருவர் கண்டுபிடித்தது. அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு சிஸ்டீன் இருப்பதால் காட்மியம், பாதரசம், தாமிரம், துத்தநாகம் ஆகியவற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த உலோகங்கள் உள்ளே வந்தால் மீனின் ஈரல் இந்தப் புரதத்தைக் கூடுதலாகத் தயாரிக்கும். நல்ல மார்க்கர்.

ஆனால் பாலாற்றுக்கு இதை எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் முக்கியமான உலோகம் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடப்பது ஊரறிந்த செய்தி. குரோமியத்துக்கு மெட்டலோதயோனின் நம்பகமான மார்க்கர் இல்லை. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் செல்லுக்குள் எளிதில் நுழைந்து, அங்கே மூன்று இணைதிறனுக்குக் குறைக்கப்படும்போது ஆக்ஸிஜனேற்றச் சிதைவை உண்டாக்குகிறது, டிஎன்ஏவையும் கெடுக்கிறது. ஆகவே அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது கேட்டலேஸ், சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டதயோன் அளவு, கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம், அதோடு மைக்ரோநியூக்ளியஸ் அல்லது காமெட் டெஸ்ட். தவறான மார்க்கரை அளந்துவிட்டு ‘மாற்றம் இல்லை’ என்று ரிப்போர்ட் எழுதினால், மாசு செய்தவருக்கு நீங்களே நற்சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரு மாணவரின் ஆய்வறிக்கை என்பதோடு அது நிற்காது. நாளைக்கு யாரோ அதை மேற்கோள் காட்டுவார்கள்.

ஈயத்துக்கு வேறு மார்க்கர். ரத்த சிவப்பணுவில் உள்ள அலாட் என்ற என்சைம் ஹீம் தயாரிப்பில் வேலை செய்வது. அதற்குத் துத்தநாகம் தேவை. ஈயம் அந்தத் துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்து என்சைமை முடக்கிவிடும். உலோகத்தைக் குறிப்பிட்டுச் சொல்லும் மார்க்கர் ஒன்று வேண்டும் என்றால் இதைவிடத் தெளிவானது கிடைப்பது கடினம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது பழக்க தோஷத்தில் ஈடிடிஏ ட்யூபைப் பயன்படுத்தினால் அதுவே துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஈயமே இல்லாத மீனிலும் என்சைம் குறைந்தது போல் காட்டும். ஹெப்பாரின் ட்யூப்தான் பயன்படுத்த வேண்டும். இன்டர்வியூ எடுக்கும் அனுபவசாலிகள் இதைக் கேட்பார்கள். தயாராக இருங்கள்.

ஈராட் என்சைமைக் கன உலோக மார்க்கர் என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். அது எண்ணெய், எரிபொருள் வழி வரும் பாலிசைக்ளிக் சேர்மங்களுக்கும் டையாக்ஸின் வகைகளுக்கும் உரியது. அசிட்டைல்கொலினெஸ்டரேஸ் முதன்மையாகப் பூச்சிமருந்துக்கு. சில உலோகங்களும் அதைக் குறைக்கும் என்பதால், வயல் சூழ்ந்த ஆற்றில் அதை மட்டும் வைத்து உலோகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. விவசாய வாய்க்கால் எங்கே கலக்கிறது என்று முதலில் மேப்பைப் பாருங்கள்.

3. எந்த உறுப்பு, எந்த முதலாளி?

சதையை மட்டும் எடுத்து அனலைஸ் செய்து ‘உலோகம் குறைவு, ஆறு சுத்தம்’ என்று முடிப்பது இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கும் பிழை. காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். ஈயம் எலும்பு, செதில், செவுள் பக்கம் போகும். சதையில் கணிசமாகச் சேர்வது மெத்தில் பாதரசம். அதுவும் பெரிய, மற்ற மீனைத் தின்னும் மீனில்தான் அதிகம். தாமிரத்தையும் துத்தநாகத்தையும் மீன் தன் உடம்பில் ஓரளவு சமன்படுத்திக்கொள்ளும் என்பதால் சதையின் அளவு உயராமலே ஈரல் கெட்டிருக்கலாம்.

இதை வேலைவாய்ப்புக் கணக்கில் பாருங்கள். சாப்பிடுகிறவருக்கு ஆபத்தா என்று கேட்பவர் உணவுப் பாதுகாப்புத் துறை, மீன் ஏற்றுமதியாளர். அவர்களுக்குச் சதை முக்கியம். ஈயத்துக்குச் சர்வதேச கோடெக்ஸ் வரம்பு ஒரு கிலோ மீனுக்கு 0.3 மில்லிகிராம். ஆறு நலமா என்று கேட்பவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆய்வு நிறுவனம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் இஐஏ கன்சல்டன்சி. அவர்களுக்கு ஈரல், செவுள், ரத்தம். விண்ணப்பிக்கும் இடத்துக்கு ஏற்ப உங்கள் அனுபவத்தின் எந்தப் பகுதியை முன்னால் வைப்பது என்று முடிவு செய்யுங்கள். ஒரே ரெஸ்யூமேயை இரண்டு இடத்துக்கும் அனுப்புகிறவர் இரண்டிலும் கடைசி வரிசையில் நிற்பார்.

4. ஃபீல்டில் கெட்டதை லேபில் சரிசெய்ய முடியாது

கையைச் சேற்றில் வைக்கத் தயங்குகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. ஏசி லேபில் மட்டும் உட்கார ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அதனாலேயே ஃபீல்டு தெரிந்தவருக்கு விலை அதிகம்.

மேட்டூர் நீர்த்தேக்கம் போன்ற இடத்தில் பரிசலில் போய்ச் சாயங்காலம் செவுள் வலை விட்டு, விடியற்காலையில் எடுப்பார்கள். அந்த வலையில் சிக்கிய மீன் பல மணி நேரம் துடித்தோ செத்தோ கிடந்திருக்கும். சந்தைக்கு அது நல்ல மீன். என்சைம் அளக்க அது உதவாது. வீச்சு வலையில் பிடித்து உயிரோடு தொட்டியில் விட்ட மீன்தான் வேண்டும். இதை மீனவரிடம் முன்னாலேயே உட்கார்ந்து பேசுங்கள். “அண்ணே, உசுரோட வேணும், ஒரே சைஸா வேணும், காசு கூடத் தர்றேன்” என்று விஷயத்தை உடைத்துச் சொல்லுங்கள். எந்த மடுவில் எந்த மீன் எந்த மாதம் இருக்கும், எப்போதிலிருந்து சில மீன்கள் காணாமல் போயின என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள். அவருடைய ஒரு நாள் உழைப்புக்கு உரிய கூலியைப் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். ஓசியில் உதவி கேட்கும் ஆய்வாளருக்கு அடுத்த முறை மீன் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

மீனைக் கிராம்பு எண்ணெயில் மயக்கி, வால் பக்கத்து ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து, நீளமும் எடையும் குறித்து, வயிற்றைத் திறக்க வேண்டும். பித்தப்பை உடையாமல் ஈரலைப் பிரிக்கக் கை பழக வேண்டும். பித்தம் ஈரலில் பட்டால் அந்த சாம்பிள் போச்சு. ஈரலை மூன்று துண்டாக்குங்கள். என்சைமுக்கு உள்ள துண்டு உடனே திரவ நைட்ரஜனில். திசு ஆய்வுக்கு உள்ளது 10% பஃபர் ஃபார்மலினில். உலோக அளவுக்கு உள்ளது நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் குப்பியில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் இருக்கிறது. குரோமியம் தேடும் திசுவை ஸ்டீல் கத்தியால் வெட்டாமல் செராமிக் கத்தியால் வெட்டுங்கள். ஒரு மீனுக்கு இத்தனையும் சில நிமிடங்களில் முடிய வேண்டும். வீட்டில் சமைக்க வாங்கும் மீனில் கை பழகிக்கொள்ளுங்கள். செலவே கிடையாது.

பக்கத்தில் ஒருவர் தண்ணீரின் வெப்பம், பிஎச், கரைந்த ஆக்ஸிஜன், கடினத்தன்மை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவை இல்லாத பயோமார்க்கர் டேட்டாவை நல்ல ஜர்னல் எதுவும் எடுக்காது.

மீன் தேர்விலும் கவனம் வேண்டும். ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று எந்த நீர்நிலையிலும் கிடைக்கும் என்பதால் ஒப்பிட வசதி. ஆனால் எதையும் தாங்கும் மீன், அதனால் மெல்லிய பாதிப்பை மறைத்துவிடும். விரால் காற்றையும் சுவாசிக்கும். அதன் செவுளை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கெளுத்தி அடிமட்டத்தில் மேய்வதால் சேற்றில் படிந்த உலோகத்துக்கு நல்ல சாட்சி. முட்டை முதிரும் பருவத்தில் பெண் மீனின் ஈரலில் துத்தநாகமும் மெட்டலோதயோனினும் இயல்பாகவே ஏறி இறங்கும். அந்த மாதத்தில் எடுத்தால் மாசா, சினையா என்று பிரிக்க முடியாமல் நிற்பீர்கள்.

பாலாறு வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு. அங்கே மழைக்குப் பிறகு தேங்கும் மடுக்களையும் பக்கத்து ஏரிகளையும்தான் நம்ப வேண்டும். மீன் கிடைக்காத இடத்தில் கூண்டு வழி உண்டு. சுத்தமான குளத்து மீனைக் கூண்டிலிட்டு ஆற்றில் இரண்டு மூன்று வாரம் வைத்து எடுங்கள். எங்கே இருந்தது, எத்தனை நாள் இருந்தது என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியும். காட்டு மீனில் அந்த உறுதி கிடைக்காது. விலங்குப் பரிசோதனை என்பதால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். பின்தேதியிட்டு வாங்கலாம் என்று சொல்லும் சீனியரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

5. சின்னக் கல்லூரியில் படிக்கிறீர்களா? மைக்ரோஸ்கோப் போதும்

உலோகத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி உங்கள் கல்லூரியில் இருக்காது. அதனால் பின்தங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். மீனின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து, ஜீம்சா சாயம் போட்டு, எண்ணெய் லென்ஸில் பார்த்தால் உடைந்த சிறு உட்கருக்களை எண்ணலாம். மைக்ரோநியூக்ளியஸ் டெஸ்ட் அவ்வளவுதான். பொறுமையும் நேர்மையும் வேண்டும். ஸ்லைடு எந்த இடத்து மீன் என்று தெரியாதபடி இன்னொருவரை நம்பர் போடச் சொல்லிவிட்டு எண்ணுங்கள்.

தராசும் ஸ்கேலும் இருந்தால் உடல் நிலைக் குறியீடு கிடைக்கும்: எடையை நூறால் பெருக்கி, நீளத்தின் மும்மடியால் வகுப்பது. ஈரல் எடையை உடல் எடையோடு ஒப்பிட்டால் இன்னொரு குறியீடு. பாரஃபின் பிளாக் வெட்டத் தெரிந்தால் செவுளின் இழைகள் ஒட்டிப்போயிருப்பதையும், மேல்தோல் தூக்கிக்கொண்டிருப்பதையும் போட்டோவோடு காட்டலாம். அந்தப் போட்டோவை இன்டர்வியூவில் மேஜைமேல் வைத்தால் பேச்சு தானாக உங்கள் பக்கம் வரும்.

கருவி உள்ள லேபில் இடம் கிடைத்தால் மூன்று பழக்கங்களோடு போங்கள். முதலில் ஆசிட்டில் திசுவைக் கரைத்து ஏஏஎஸ் அல்லது ஐசிபியில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வெற்று சாம்பிளும் ஒரு சான்றளித்த ரெஃபரன்ஸ் மெட்டீரியலும் ஓட்டுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சில் தரும் டார்ம் வரிசை மீன் புரதமும் டோல்ட் வரிசை நாய்ச்சுறா ஈரலும் இதற்கென்றே இருப்பவை. பிறகு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். கேட்டலேஸை 240 நானோமீட்டரில் அளக்கும்போது குவார்ட்ஸ் குவெட் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் அந்த ஒளியை விழுங்கிவிடும். மூன்றாவது, எந்த என்சைம் அளவையும் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ‘யூனிட்’ என்று மட்டும் போட்டால் அதை யாரோடும் ஒப்பிட முடியாது.

6. உங்கள் எண்ணை எதிராளி தாக்கினால் நிற்குமா?

இந்த வேலையில் ஒரு கட்டத்தில் உங்கள் ரிப்போர்ட் யாருடைய பணத்தையாவது தொடும். அன்றைக்கு அவர்கள் நல்ல வக்கீலோடு வருவார்கள்.

வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பாக 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்தது. பணம் கட்ட வேண்டும் என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி, “என் ஆலையால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” அதற்குப் பதில் சொல்லக்கூடிய விஞ்ஞானி இந்த நாட்டில் குறைவு. அந்த இடத்தைப் பிடியுங்கள்.

அதற்கு முதல் தேவை ஒப்பீட்டு இடம். ஆலைக்கு மேலே, அதே ஆற்றில், அதே மீன், அதே அளவு, அதே வாரம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மீன் பண்ணையை ‘கன்ட்ரோல்’ என்று போட்டால் முதல் குறுக்கு விசாரணையிலேயே விழுந்துவிடும். இரண்டாவது, சாம்பிள் யார் கையில் எப்போது இருந்தது என்ற பதிவு விடுபடாமல் இருக்க வேண்டும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படியுங்கள். கழிவுநீர் சாம்பிளை எப்படி எடுக்க வேண்டும், எப்படிப் பிரித்து முத்திரையிட வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த முறைப்படி எடுக்காத சாம்பிளின் முடிவு கோர்ட்டில் சாட்சியமாக ஏற்கப்படாது. மீன் டேட்டா அந்த சாம்பிளுக்குப் பதிலாக வராது, பக்கபலமாக வரும். இந்தப் பிரிவைப் படித்த எம்.எஸ்சி. மாணவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, முந்தைய டேட்டா. 2024 மே மாதம் கொச்சிக்கு அருகே ஏலூர், எடையார் பகுதியில் பெரியாற்று மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்கள் போட்ட பணத்தைப் பறிகொடுத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆக்ஸிஜன் குறைவைக் காரணமாகச் சொன்னது. கேரள மீன்வளப் பல்கலைக்கழகம் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகச் சொன்னது. மீன் செத்த பிறகு காரணம் தேடினால் இப்படித்தான் இழுபறியாகும். அதே ஆற்றின் மீனை மாதாமாதம் பரிசோதித்த பதிவு கையில் இருக்கிறவரின் பேச்சுக்கு அந்த நேரத்தில் தனி எடை கிடைக்கும்.

உறுதியாகும்வரை எந்த ஆலையின் பெயரையும் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள். கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் அவசரமாக எழுதிய ஒரு பதிவு, உங்கள் நல்ல டேட்டாவையும் ‘முன்விரோதம்’ என்று தள்ளிவிட வழி கொடுக்கும்.

7. புள்ளிவிவரத்துக்குப் பயப்படாதீர்கள்

எட்டு மார்க்கர், நான்கு இடம், இரண்டு பருவம் என்றால் அட்டவணை பெரிதாகிவிடும். அதிகாரி அதைப் படிக்க மாட்டார். எல்லா மார்க்கரையும் ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கி நட்சத்திர வடிவப் படமாகக் காட்டும் முறையை 2002-இல் பெலியஃப், பர்ஷோ என்ற இருவர் கொடுத்தார்கள், ஐபிஆர் என்பார்கள். ஆர் என்ற இலவச சாஃப்ட்வேரில் அதைப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் எந்த இடம் மோசம் என்று கலெக்டருக்கும் புரியும். மதிப்பெண்ணுக்கு அடியில் மூல டேட்டாவையும் தவறாமல் இணையுங்கள். சுருக்கியதில் ஒளிந்துகொள்ளும் பிழைகள் அதிகம்.

8. வேலை எங்கே?

ஆராய்ச்சிப் பாதை: சிஎஸ்ஐஆர் நெட் அல்லது கேட் எழுதுங்கள். கேட்டில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். இலக்கு வைக்க வேண்டிய இடங்கள்: லக்னோவின் நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் ஐஐடிஆர், நாக்பூரின் சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனம் நீரி, மேற்கு வங்கம் பாரக்பூரின் உள்நாட்டு மீன்வள நிறுவனம் சிஃப்ரி, கொச்சியின் மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சிஃப்ட், நாகப்பட்டினத்தின் மீன்வளப் பல்கலைக்கழகம், பரங்கிப்பேட்டையின் கடல் உயிரியல் மையம். கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவருடைய பேப்பர் எண்ணிக்கையைவிட அது முக்கியம்.

தனியார் பாதை: பூச்சிமருந்துகளையும் ரசாயனங்களையும் பதிவுசெய்ய மீன் மேல் நச்சுப் பரிசோதனை வேண்டும். அதை நல்ல ஆய்வக நடைமுறைக்கான ஜிஎல்பி சான்று பெற்ற லேப்கள் செய்கின்றன. ஓஇசிடி 203, 210, 236 என்ற வழிமுறைகளை இறக்கிப் படித்துவிட்டுப் போங்கள். பயோமார்க்கர் தெரியும் என்பதைவிட, ‘எழுதாத வேலை நடக்காத வேலை’ என்ற ஜிஎல்பி ஒழுக்கம் உங்களிடம் இருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். ஏற்றுமதி மீனைப் பரிசோதிக்கும் என்ஏபிஎல் லேப்களுக்கு ஐஎஸ்ஓ 17025 பற்றிய பயிற்சி உதவும். இஐஏ கன்சல்டன்சிகளில் சூழலியல், பல்லுயிர்ப் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்ற வல்லுநர் தேவை. அதில் நுழைந்தால் ஃபீல்டு அனுபவம் வருடா வருடம் உங்கள் விலையைக் கூட்டும்.

அரசுப் பாதை: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானிப் பணி, டிஎன்பிஎஸ்சி வழி மீன்வளத் துறைப் பணிகள். அறிவிப்பு வரும்போது தகுதிப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். உங்கள் பட்டத்தின் பெயர் அதில் அப்படியே இல்லை என்றால் இணைத்தன்மைச் சான்றிதழை இப்போதே பல்கலைக்கழகத்தில் வாங்கி வையுங்கள். கடைசி வாரம் ஓடினால் கிடைக்காது.

9. ரெஸ்யூமேயும் இன்டர்வியூவும்

‘ரோகு மீனில் 96 மணி நேர எல்சி50’ என்ற ப்ராஜெக்ட், அதாவது பாதி மீன்கள் சாகும் நச்சின் அளவைக் கண்டுபிடிப்பது, ஆயிரம் பேரிடம் இருக்கிறது. உங்களிடமும் அதுதான் என்றால் மேலே ஓர் அடுக்கு சேருங்கள்: பக்கத்து ஆற்றில் இரண்டு இடம், ஒரே வகை மீன், மூன்று மார்க்கர், மழைக்கு முன்னும் பின்னும். சின்ன வேலை, ஆனால் முழு வேலை. ரெஸ்யூமேயில் ‘ஹேண்ட்ஸ்-ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதுவதை விட்டு, ‘ஈரல் ஹோமோஜெனேட் தயாரித்தல், சாம்பிள் கைமாற்றப் பதிவு, ரெஃபரன்ஸ் மெட்டீரியல் மீட்பு சதவீதம்’ என்று வேலையின் பெயரைச் சொல்லுங்கள்.

தெரியாத கேள்விக்கு அடித்துவிடாதீர்கள். “இதை நான் அளந்ததில்லை, ஆனால் இப்படித் தொடங்குவேன்” என்று சொன்னால் மதிப்பு கூடும். நச்சியலில் அடித்துவிடும் பழக்கம் உள்ளவரை யாரும் கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் ஊர் ஆற்றுக்கு இப்படி ஒரு பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டின் பல ஆறுகளுக்குத் தொடர்ச்சியான மீன் பயோமார்க்கர் பதிவு கிடையாது. இந்த வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று முதல் சாம்பிளை எடுத்துவிடுங்கள்.